வெனீர் ஒட்டிய மரப்பெட்டி ஸ்பீக்கர்: முதல் அறுப்பிலிருந்து கடைசிப் பாலிஷ் வரை

ஸ்பீக்கர் கட்டுபவர்களில் பலர் வெனீரை, அதாவது பலகையின் மேல் ஒட்டும் மெல்லிய மரச் சீவலை, கடைசி வேலையாக நினைக்கிறார்கள். பெட்டியை அறுத்து, ஒட்டி, தேய்த்து முடித்த பிறகு மேலே தேக்கு வெனீரை ஒட்டிவிட்டால் போதும் என்று எண்ணுகிறார்கள். ஒரு மழைக்காலம் கடந்ததும் பலகைகள் சேரும் இடங்கள் வெனீருக்கு அடியிலிருந்து கோடு கோடாக எழும்பித் தெரிகின்றன. ஓரங்கள் பெயர்கின்றன. இடது பெட்டியின் மர ரேகை ஒரு பக்கமும் வலது பெட்டியின் ரேகை வேறு பக்கமும் ஓடுகிறது. பழி பசையின் மேல் விழுகிறது. ஆனால் இந்தக் குறைகளில் பெரும்பாலானவை பலகையை அறுத்த அன்றே முடிவாகிவிட்டவை. ஆகவே, எந்த முகத்தில் இணைப்பு வரும், எந்தத் திசையில் ரேகை ஓடும், எந்தப் பலகை எப்போது ஒட்டப்படும் என்பதையெல்லாம் வெனீரை மனத்தில் வைத்தே முடிவு செய்யும் முறையை இங்கே சொல்கிறேன்.

நாம் கட்டப்போவது புத்தக அலமாரியிலோ ஸ்டாண்டிலோ வைக்கக்கூடிய ஒரு ஜோடி. ஒவ்வொன்றிலும் தாழ்சுரத்துக்கு ஆறரை அங்குல வூஃபர் ஒன்று, உச்சசுரத்துக்கு ஒரு அங்குலக் குவிமாட ட்வீட்டர் ஒன்று. துளைக்குழாய் இல்லாத, முழுவதும் மூடிய பெட்டி.

மூடிய பெட்டியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் 1954-இல் அறிமுகப்படுத்திய ஏஆர்-1 ஸ்பீக்கர், பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வூஃபரின் அதிரும் கூம்புக்கு ஸ்பிரிங்காகப் பயன்படுத்தியது. சிறிய பெட்டியிலிருந்தும் சுத்தமான தாழ்சுரம் வரும் என்பதை அது காட்டியது. குழாய் வைத்த பெட்டி இன்னும் ஆழமாக இறங்கும். ஆனால் குழாயின் நீளம், பெட்டியின் கொள்ளளவு, வூஃபரின் குணம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஏதாவது ஒன்று பிசகினால் ஒரே சுரம் மட்டும் உப்பிக்கொண்டு கேட்கும். மூடிய பெட்டி அரை லிட்டர் கூடினாலும் குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளும். முதல் ஜோடிக்கு இந்தப் பொறுமை மிகவும் தேவை.

கொள்ளளவைக் கணக்கிடுதல்

வூஃபர் வாங்கும்போது அதன் தகவல் தாளைக் கட்டாயம் கேளுங்கள். தாள் இல்லாத வூஃபரை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், இந்த வேலைக்கு வாங்காதீர்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் உதிரி வூஃபர்கள் நிறையக் கிடைக்கும். அவற்றில் 'இத்தனை வாட்' என்று மட்டும் அச்சிட்டவை நமக்கு உதவா. தாளில் பார்க்க வேண்டியவை மூன்று எண்கள். எஃப்.எஸ். என்பது கூம்பின் இயல்பான அதிர்வெண். க்யூ.டி.எஸ். அந்த அதிர்வு எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது என்பதைச் சொல்லும். வி.ஏ.எஸ். கூம்பைத் தாங்கும் அமைப்பின் நெகிழ்வுக்கு இணையான காற்றின் அளவு. நெவில் தீல் 1961-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கி, ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் விரித்தெழுதிய இந்த அளவீடுகளைத்தான் இன்றும் உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள்.

ஒரு எடுத்துக்காட்டு. எஃப்.எஸ். 45 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ். 0.4, வி.ஏ.எஸ். 20 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூடிய பெட்டியில் உப்பலும் மெலிவும் இல்லாத சமநிலை, வூஃபரும் பெட்டியும் சேர்ந்த மொத்தக் க்யூ 0.707-இல் கிடைக்கும். 0.707-ஐ 0.4-ஆல் வகுத்தால் சுமார் 1.77. அதன் வர்க்கம் 3.12. அதில் ஒன்றைக் கழித்தால் 2.12. இருபதை இதனால் வகுத்தால் 9.4 லிட்டர். பெட்டிக்குள் வூஃபரின் அதிர்வெண் 45 பெருக்கல் 1.77, அதாவது ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸ் ஆகும். அதற்குக் கீழே ஒலி மெதுவாகச் சரியும்.

வூஃபரின் உடல், சுவர்களுக்கு உள்ளே முட்டுக்கொடுக்கும் உள்தாங்கி, மூலைக் கட்டைகள், தாழ்சுரத்தையும் உச்சசுரத்தையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் சுற்று ஆகியவை ஒரு லிட்டர் இடத்தைப் பிடிக்கும். எனவே உள்ளளவு சுமார் 10.4 லிட்டர் வேண்டும். 18 மி.மீ. பலகையில் வெளியளவு அகலம் 200, உயரம் 340, ஆழம் 245 மி.மீ. என்று வைத்தால் உள்ளே 164, 304, 209 மி.மீ. கிடைக்கும். பெருக்கிப் பாருங்கள், 10.4 லிட்டர் வரும். உங்கள் வூஃபருக்கு வேறு கொள்ளளவு வந்தால் ஆழத்தை மட்டும் மாற்றுங்கள். இந்தப் பெட்டியில் ஒரு செ.மீ. ஆழம் ஏறக்குறைய அரை லிட்டர். அகலத்தையும் உயரத்தையும் தொடாமல் விட்டால் முன்பலகையின் அமைப்பும் வெனீர் கணக்கும் அப்படியே இருக்கும்.

எந்தப் பலகை?

மர நாரைப் பிசினோடு அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையையே பரிந்துரைக்கிறேன். அடர்த்தி சீராக இருக்கும், ரேகை கிடையாது, மேற்பரப்பு வெனீருக்கென்றே செய்ததுபோல் சமமாக இருக்கும். ஈரம்தான் அதன் பகை. கடலோர ஊர்களில் இருப்பவர்கள் ஈரம் தாங்கும் எச்டிஎச்எம்ஆர் வகையைக் கேட்டு வாங்குவது நல்லது. கொஞ்சம் கனம், கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் ஓரம் ஊதுவது குறைவு. பிளைவுட்டிலும் கட்டலாம். அதன் உள்ளடுக்குகளில் காலியிடம் இருந்தால் குறிப்பிட்ட சுரத்தில் பலகை கரகரக்கும். விரல் முட்டியால் பலகை முழுவதும் தட்டிப் பார்த்து, பொத்தென்ற சத்தம் வரும் இடம் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். இந்த ஜோடிக்கு எட்டடிக்கு நாலடிப் பலகையில் பாதி போதும், மிச்சமும் இருக்கும்.

கனமான பலகைதான் நல்ல ஸ்பீக்கர் என்ற நம்பிக்கை எல்லாருக்கும் ஏற்புடையதன்று. பிபிசி 1970-களில் உருவாக்கிய எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கரின் சுவர் மெல்லிய பர்ச் பிளைவுட்தான். உட்புறத்தில் அதிர்வைத் தின்னும் கனத்த பட்டைகளை ஒட்டி, பெட்டியின் முனகலை மனிதக் குரல் பகுதிக்குக் கீழே தள்ளினார்கள். அது ஆழ்ந்த அளவீட்டுக்குப் பிறகு எடுத்த முடிவு. அளவுக் கருவி இல்லாத நமக்கு 18 மி.மீ. பலகையும் நல்ல உள்தாங்கியும் பாதுகாப்பான வழி.

வெனீர் வாங்கும்போது

நம் ஊர்க் கடைகளில் வெனீர் என்று கேட்டால் பெரும்பாலும் 4 மி.மீ. பிளைவுட்டில் ஏற்கெனவே ஒட்டிய ஷீட்டைத்தான் காட்டுவார்கள். அலமாரிக் கதவுக்கு அது சரி. ஸ்பீக்கர் பெட்டியின் ஒவ்வொரு விளிம்பிலும் அதன் அடுக்குகள் தெரியும். பிளைவுட்டில் ஒட்டாத வெறும் வெனீர் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அரை மி.மீ. தடிமனில், மரத்திலிருந்து அடுத்தடுத்துச் சீவிய இலைகளாகக் கட்டுக் கட்டாக வரும். ஒரே கட்டிலிருந்து வரிசை மாறாமல் நான்கு இலைகள் எடுங்கள். கடைக்காரர் மேலிருந்து ஒன்றும் நடுவிலிருந்து ஒன்றும் உருவினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் 1, 2, 3, 4 என்று சாக்பீஸால் எண் இடுங்கள்.

அடுத்தடுத்த இரண்டு இலைகளில் ரேகை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். ஒன்றைப் புத்தகப் பக்கம்போல் திருப்பிவிட்டால் கண்ணாடிப் பிம்பம் கிடைக்கும். முதல் இலை இடது பெட்டிக்கு, திருப்பிய இரண்டாம் இலை வலது பெட்டிக்கு. இப்படிச் செய்தால் இரண்டும் ஒரே மரத்தின் பிள்ளைகள் என்பது அறைக்குள் நுழைபவருக்கு உடனே தெரியும்.

அதேபோல, ஒரே இலையிலிருந்து இடப்பக்கம், மேற்பக்கம், வலப்பக்கம் என்று தொடர்ச்சியாக வெட்டினால் ரேகை ஒரு பக்கச் சுவரில் ஏறி, மேலே குறுக்காகப் போய், மறுபக்கத்தில் இறங்கும். இதற்கு 340, 200, 340 என மொத்தம் 880 மி.மீ. நீளம் வேண்டும். இரு முனையிலும் உபரி சேர்த்து 920 மி.மீ. வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம், நான்காம் இலைகள் முன்பலகைக்கும் அதன் விளிம்புப் பட்டைகளுக்கும்.

மரம் எது என்பது உங்கள் விருப்பம். முதல்முறைக்குத் தேக்கு நல்லது. ரேகை நேராக ஓடும், கத்திக்கு இணங்கும், உடையாது. அதில் இயற்கையான எண்ணெய் இருப்பதால் ஒட்டும் முன் பின்புறத்தைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்து உலரவிட வேண்டும். ரேகை சுழித்துச் சுழித்துப் போகும் கண் மரங்கள் அழகானவை. ஆனால் அவை அலையலையாக வளைந்து வரும். தண்ணீரில் சிறிது கிளிசரின் கலந்து தெளித்து, தாள்களுக்கு இடையே வைத்து இரண்டு பலகைகளுக்கு நடுவில் பாரம் ஏற்றி, தாளை மாற்றி மாற்றிச் சில நாள்கள் தட்டையாக்க வேண்டும். இரண்டாவது ஜோடிக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

பலகையும் வெனீரும் வேலை நடக்கும் அறையிலேயே ஒரு வாரம் இருக்கட்டும். மழை கொட்டும் நாளில் வெனீர் ஒட்டாதீர்கள். ஈரம் குடித்து விரிந்த நிலையில் ஒட்டிய வெனீர், பங்குனி வெயிலில் சுருங்கும்போது மயிரிழை வெடிப்புகளாகத் திறந்துகொள்ளும்.

அறுப்பு

ஒரு பெட்டிக்கு வேண்டிய துண்டுகள்:

- பக்கச் சுவர்: 340 × 227 மி.மீ., இரண்டு
- மேல், கீழ்: 200 × 227 மி.மீ., இரண்டு
- முன்பலகை: 200 × 340 மி.மீ., ஒன்று
- பின்பலகை: 164 × 304 மி.மீ., ஒன்று
- உள்தாங்கி: 164 × 209 மி.மீ., ஒன்று

சுவர்கள் இரண்டும் மேல் கீழ்ப் பலகைகளும் ஒன்றோடொன்று சேரும் முனைகளை 45 டிகிரி சாய்வாக அறுக்க வேண்டும். பலகை விற்கும் பெரிய கடைகளிலும் மாடுலர் கிச்சன் செய்யும் பட்டறைகளிலும் பேனல் அறுக்கும் மேசை ரம்பம் இருக்கும். கூலி கொடுத்து அங்கேயே அறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலைக்குக் கைரம்பத்தை நம்ப வேண்டாம். இரண்டு பெட்டிகளுக்கான நான்கு பக்கச் சுவர்களையும் ரம்பத்தின் அளவை மாற்றாமல் ஒரே அமைப்பில் அறுக்கச் சொல்லுங்கள். நீளம் அரை மி.மீ. பிசகினாலும் நான்கு சுவர்களிலும் ஒரே பிசகாக இருந்தால் மூலை மூடிக்கொள்ளும்.

சாய்வு இணைப்புக்கு ஏன் இவ்வளவு வலியுறுத்தல்? ஒரு பலகையின் முனையை இன்னொன்றின் மேல் வைத்து நேராக ஒட்டினால், இணைப்புக் கோடு முகத்தில் விளிம்பிலிருந்து 18 மி.மீ. தள்ளி வரும். எம்டிஎஃப்பின் முகம் ஈரத்தில் அசையாது, அறுத்த ஓரம் அசையும். இரண்டும் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் மேலே ஒட்டிய வெனீர் அந்தக் கோட்டை அப்படியே காட்டிக்கொடுக்கும். சாய்வாக அறுத்தால் கோடு சரியாக மூலையில் விழும். வெனீர்த் துண்டுகளும் அங்கேதான் முடிகின்றன.

முன்பலகை

வூஃபரின் மையம் கீழ் விளிம்பிலிருந்து 110 மி.மீ. உயரத்தில், அகலத்தின் நடுவில் வரட்டும். ட்வீட்டரின் மையம் 250 மி.மீ. உயரத்தில், நடுக்கோட்டிலிருந்து 18 மி.மீ. ஒரு பக்கமாக விலகி இருக்கட்டும். அது நடுவில் இருந்தால் இரு பக்க விளிம்புகளுக்கும் மேல் விளிம்புக்கும் தூரம் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். விளிம்பில் பட்டுச் சிதறும் ஒலி மூன்று பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் வந்து நேரடி ஒலியோடு மோதும். விலக்கி வைத்தால் அந்தச் சிதறல் பரவிப் போகும். இடது பெட்டியிலும் வலது பெட்டியிலும் ட்வீட்டர் எதிரெதிர்ப் பக்கம் விலக வேண்டும். அறுக்கும் முன் இரண்டு முன்பலகைகளையும் அருகருகே வைத்து, 'இடது', 'வலது' என்று பெரிதாக எழுதிவிடுங்கள்.

வூஃபர், ட்வீட்டர் இரண்டின் விளிம்பும் பலகையோடு சமமாக உட்கார, மரத்தைக் குடையும் ரௌட்டர் கருவியில் வட்ட வழிகாட்டியைப் பொருத்திப் பள்ளம் எடுக்க வேண்டும். முதலில் பெரிய வட்டப் பள்ளம், பிறகு ஊடுருவும் துளை. வரிசை மாறினால் வழிகாட்டியின் மைய ஆணி நிற்க இடமே இருக்காது. பள்ளத்தின் ஆழம் ஸ்பீக்கர் விளிம்பின் தடிமனிலிருந்து வெனீரின் தடிமனைக் கழித்துக் கணக்கிட வேண்டும், ஏனெனில் பலகையின் முகம் பிறகு அரை மி.மீ. உயரும். விட்டத்தையும் ஒரு மி.மீ. தாராளமாக விடுங்கள். முன்பலகையில் கைவைக்கும் முன் மிச்சப் பலகையில் ஒரு சோதனைத் துளை போட்டு ஸ்பீக்கரை வைத்துப் பாருங்கள். வூஃபர் துளையின் பின்விளிம்பைச் சாய்வாகச் சீவிவிட்டால் கூம்பின் பின்புறக் காற்று தடையின்றி நகரும்.

இனி ஒரு சின்ன உத்தி. முன்பலகையின் பின்விளிம்பைச் சுற்றி ரௌட்டரால் 2 மி.மீ. அகலம், 2 மி.மீ. ஆழத்துக்கு ஒரு படி வெட்டி, அதைக் கறுப்பு வண்ணம் பூசுங்கள். முன்பலகை பெட்டியோடு சேரும்போது அந்த இடம் மெல்லிய நிழல் கோடாகத் தெரியும். மறைக்க முடியாத இணைப்பு அங்கே வடிவமைப்பாக மாறிவிடுகிறது. அதைவிட முக்கியம், இதனால் பெட்டியையும் முன்பலகையையும் தனித்தனியே வெனீர் ஒட்டி, கடைசியில் சேர்க்க முடியும்.

பெட்டியைக் கூட்டுதல்

நான்கு பலகைகளையும் வெளிமுகம் மேலே தெரிய, முனையோடு முனை தொட வரிசையாகத் தரையில் வையுங்கள். நேரான கட்டை ஒன்றின் மேல் ஓரங்கள் அணைந்திருக்கட்டும். சேரும் மூன்று கோடுகளின் மேலும் அகலமான பேக்கிங் டேப்பை இழுத்து ஒட்டுங்கள். மொத்தத்தையும் திருப்பிப்போட்டால் சாய்வு முனைகள் வி-வடிவப் பள்ளங்களாகத் தெரியும். அவற்றில் மரப்பசையைத் தாராளமாகத் தடவுங்கள். எம்டிஎஃப் ஓரம் பசையைக் குடித்துவிடும், ஆகவே ஐந்து நிமிடம் விட்டு இரண்டாம் முறையும் தடவுங்கள். பிறகு மடித்து, நான்காவது மூலையை டேப்பால் இழுத்துக் கட்டுங்கள். பின்பலகையைப் பசையில்லாமல் உள்ளே செருகிப் பார்த்தால் பெட்டி தானாகவே மட்டத்துக்கு வரும். மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் சமமா என்று அளவு நாடாவால் அளந்து உறுதிசெய்யுங்கள்.

உலர்ந்த பிறகு உள்மூலைகளில் 15 மி.மீ. சதுரக் கட்டைகளைப் பசைவைத்து ஒட்டுங்கள். பின்னால் இஸ்திரிப் பெட்டியின் சூடு படும்போது மூலைப் பசை இளகினாலும் இந்தக் கட்டைகள் பிடித்துக்கொள்ளும். ஸ்பீக்கர் வயரை மாட்டும் முனைய இணைப்பிக்கான துளையைப் போட்டபின் பின்பலகையை ஒட்டுங்கள். உள்தாங்கியின் மூலைகளைக் கட்டைகளுக்கு வழிவிடுமளவு வெட்டி, நடுவில் பெரிய சன்னல்களைத் திறந்து, வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் இடையே பொருத்துங்கள். சரிபாதி உயரத்தில் வராமல் சற்றே மேலே இருக்கட்டும்.

இதற்குப் பின் ஒரு வாரம் பெட்டியைத் தொடாமல் விடுங்கள். பசையில் உள்ள நீர் ஓரங்களை ஊத வைத்திருக்கும். அது வற்றி அடங்கும் முன் தேய்த்தால், அடங்கிய பிறகு அங்கே பள்ளம் விழும். பிறகு தட்டையான கட்டையில் 120 எண் உப்புத்தாளைச் சுற்றி எல்லா முகங்களையும் சமமாகத் தேயுங்கள். மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்துப் பார்த்தால் மேடும் பள்ளமும் நிழலாகத் தெரியும். வெனீர் இவற்றை மறைக்காது, பாலிஷ் இன்னும் பெரிதாக்கிக் காட்டும். பள்ளங்களைப் பட்டியால் நிரப்பித் தேயுங்கள். எம்டிஎஃப் தூள் மிக நுண்ணியது, அதன் பிசினில் ஃபார்மால்டிஹைடு உண்டு. முகக்கவசம் இல்லாமல் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

வெனீர் ஒட்டுதல்

பழைய ஆசாரிகள் வச்சிரம் எனும் விலங்குத் தோல் பசையைச் சூடாக்கித் தடவி, அகலமான சுத்தியலின் முகத்தால் தேய்த்துத் தேய்த்து வெனீர் ஒட்டினார்கள். பல ஆண்டுகள் நிற்கும் முறை, ஆனால் கைப்பழக்கம் வேண்டும். காண்டாக்ட் பசை உடனே பிடிக்கும். ஒருமுறை தொட்டுவிட்டால் நகர்த்த முடியாது. பிற்பாடு அடிக்கும் பாலிஷில் உள்ள தின்னர் மெல்லிய வெனீரின் வழியே இறங்கி, அந்தப் பசையை இளக்கிக் கொப்புளம் கிளப்பவும் கூடும். வெறும் வெனீருக்கு அதை நான் பயன்படுத்தமாட்டேன். வெள்ளை மரப்பசையும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்த முறைதான் வீட்டில் கட்டுபவருக்கு ஏற்றது. கிளாம்ப் தேவையில்லை, பிழையைச் சூடாக்கித் திருத்தலாம்.

வெனீரை இரும்பு ஸ்கேல் வைத்துப் புதிய கத்தியால் வெட்டுங்கள். ஒரே அழுத்தில் வெட்டாமல் மெதுவாக நான்கைந்து முறை ஓட்டுங்கள். குறுக்காக வெட்டும் கோட்டில் முதலில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் முனை பிளக்காது. முன்பின் ஓரங்களிலும் கீழ் முனையிலும் 10 மி.மீ. உபரி விடலாம். மேல் மூலைகளில் மட்டும் ஒரு மி.மீ. போதும். அங்கே அதிகம் நீட்டி நறுக்கினால் பக்கத்திலிருந்து மேலே ஏறும் ரேகையின் தொடர்ச்சி அறுந்துபோகும்.

பசையில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்து, சிறிய உருளையால் பலகையிலும் வெனீரின் பின்புறத்திலும் மெல்லிய சீரான படலமாகப் பூசுங்கள். வெனீர் உடனே சுருளத் தொடங்கும். மறுபுறத்தில் தண்ணீரைப் பனிபோல் தெளித்தால் நேராகும். வெண்மை மறைந்து, தொட்டால் ஒட்டாத கண்ணாடிப் படலமாகும்வரை இரண்டையும் உலரவிடுங்கள். பலகைக்கு இரண்டாவது பூச்சும் கொடுப்பது நல்லது. அதே நாளில் ஒட்டிவிடுங்கள். நாள்கணக்கில் விட்டால் படலம் சூட்டுக்கு இணங்காது.

ஒட்டும் வரிசை: முதலில் கீழ்ப்பக்கம், பின்பக்கம், பிறகு இரு பக்கச் சுவர்கள், கடைசியில் மேற்பக்கம். பின்னால் ஒட்டுவது முன்னால் ஒட்டியதன் ஓரத்தை மூடும் என்பதால், கண்ணுக்கு அதிகம் படும் முகம் கடைசியில் வர வேண்டும். தனியாக இருக்கும் முன்பலகைக்கு முதலில் நான்கு விளிம்புகளில் பட்டைகள், பிறகு முகம். முன்பலகை ஒற்றைப் பலகை என்பதால் ஒரு புறம் மட்டும் வெனீர் இழுத்தால் வளையும். உட்புறத்திலும் மிச்ச வெனீரை, பெட்டியில் ஒட்டும் ஓரங்களை மட்டும் விட்டுவிட்டு, ஒட்டிவிடுங்கள்.

இஸ்திரிப் பெட்டியில் நீராவியை அணைத்து, கம்பளிக்கும் பருத்திக்கும் இடைப்பட்ட சூட்டில் வையுங்கள். வெனீரைச் சரியான இடத்தில் வைத்து, மேலே வெண்ணெய்த்தாள் ஒன்றை விரித்து, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி மெதுவாக அழுத்தி நகருங்கள். ஒரு கையில் இஸ்திரிப் பெட்டி, மறு கையில் விளிம்பு மழுக்கிய மரக்கட்டை. சூடு போன தடத்திலேயே கட்டையால் அழுத்தி, பசை குளிர்ந்து இறுகும்வரை பிடியுங்கள். பிணைப்பு உண்டாவது இந்தக் குளிரும் நொடிகளில்தான். ஒரே இடத்தில் சூட்டை நிறுத்தினால் வெனீர் காய்ந்து சுருங்கி வெடிக்கும்.

முடிந்ததும் விரல் நகத்தால் முழுப் பரப்பையும் தட்டுங்கள். பிடித்த இடத்தில் கெட்டியான சத்தம், பிடிக்காத இடத்தில் காகிதச் சத்தம். பிடிக்காத இடத்தை மறுபடியும் சூடாக்கி அழுத்துங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால் ரேகையின் போக்கிலேயே கத்தியால் ஒரு கீறு கீறி, ஊசிக்குழாயால் துளி பசை செலுத்தி அழுத்தினால் தடம்கூடத் தெரியாது.

உபரியை வெட்ட, பெட்டியை அந்த முகம் கீழே இருக்குமாறு வெட்டும் பலகையின் மேல் கவிழ்த்து, விளிம்பை ஒட்டிக் கத்தியை ஓட்டுங்கள். மிச்சமிருக்கும் நூலளவை உப்புத்தாள் சுற்றிய கட்டையால், வெளியிலிருந்து பெட்டியை நோக்கி மட்டும் தேயுங்கள். வெளிநோக்கி இழுத்தால் சிம்பு பெயரும். முன்பலகையின் வட்டங்களை, பள்ளத்தின் சுவரைக் கத்தி முனை தொட்டுக்கொண்டே போக, பல சுற்றுகளில் வெட்டி எடுங்கள்.

பாலிஷ்

180, பிறகு 240 எண் உப்புத்தாளால் கையால் மட்டும், ரேகையின் போக்கில் தேயுங்கள். மெஷின் வேண்டாம். அரை மி.மீ. வெனீரில் மூலை ஒன்று தேய்ந்து அடிப்பலகை தெரிந்துவிட்டால் திருத்த வழியில்லை.

மெலமைன், பி.யு. பாலிஷ்களைத் தெளிப்பான் கருவி உள்ளவரிடம் கொடுத்து அடிக்கலாம். கையால் செய்ய அரக்குப் பாலிஷ்தான் எனக்கு எப்போதும் பிடித்தது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணி உருண்டையால் மெல்லிய படலங்களாகப் பூசி, நடுநடுவே 400 எண் தாளால் மெதுவாகத் தேய்த்து, கடைசியில் மெழுகு போட்டால் தேக்கு தன் நிறத்தில் ஆழமாக ஒளிரும். சூடான பாத்திரமும் ஈரமும் அரக்கில் வெள்ளைத் தடம் விடும் என்பது உண்மை, ஸ்பீக்கர் மேல் காபி டம்ளரை வைக்காமல் இருந்தால் போதும். ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. அது தானாகவே சூடேறித் தீப்பற்றும். விரித்து வெளியில் உலரவைத்த பிறகே எறியுங்கள்.

கிராஸ்ஓவரும் உள்வேலையும்

முன்பலகை இன்னும் ஒட்டப்படாததால் உள்ளே வேலை செய்வது எளிது. பாடப்புத்தகக் கணக்கில், 8 ஓம் ஸ்பீக்கர்களுக்கு 2,500 ஹெர்ட்ஸில் பிரிக்கும் இரண்டாம் படி லிங்க்விட்ஸ்-ரைலி என்ற கிராஸ்ஓவர் அமைப்புக்கு 1 மில்லிஹென்றி காயில்கள் இரண்டும் 3.9 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்கள் இரண்டும் வரும். வூஃபருக்குத் தொடரில் காயில், குறுக்கே கெபாசிட்டர். ட்வீட்டருக்குத் தொடரில் கெபாசிட்டர், குறுக்கே காயில். ட்வீட்டரின் கூட்டல், கழித்தல் முனைகளை இந்த அமைப்பில் மாற்றிக் கொடுக்க வேண்டும். இரண்டு காயில்களையும் தள்ளி, ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் பொருத்துங்கள்.

இது தொடக்கப்புள்ளி மட்டுமே. உண்மையான வூஃபர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாக இருப்பதில்லை, மேலே போகப்போக ஏறும். அதைச் சமன்செய்ய வூஃபருக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் தொடராக வைப்பார்கள். வூஃபரின் டிசி ஓம் 6, தூண்டல் 0.5 மில்லிஹென்றி என்றால் 7.5 ஓம், 9 மைக்ரோஃபாரட் அளவில் அமையும். ட்வீட்டர் பெரும்பாலும் வூஃபரைவிடச் சத்தமாக இருக்கும். அதன் கிளைக்கு முன்னால் 2 அல்லது 3 ஓம் ரெசிஸ்டர் வைத்துக் காதால் சரிபாருங்கள். 200 மி.மீ. அகல முன்பலகையில் சுமார் 575 ஹெர்ட்ஸை மையமாகக் கொண்டு கீழ்ப்பகுதி மெலியத் தொடங்கும், ஒலி பெட்டியைச் சுற்றிப் பின்னால் போய்விடுவதால். சுவருக்கு அருகில் வைப்பது இதற்கு முதல் மருந்து. வூஃபரின் காயிலை 1.5 மில்லிஹென்றி வரை ஏற்றிப் பார்ப்பது இரண்டாவது.

தலையணைகளுக்கு அடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சைப் பெட்டி முழுவதும் தளர்வாக நிரப்புங்கள். திணிக்க வேண்டாம். வூஃபரின் பின்னால் மூச்சுவிடச் சிறிது இடம் இருக்கட்டும். உள்மூலைகளைச் சிலிக்கானால் அடைப்பதானால் நியூட்ரல் வகையை வாங்கி, முழுவதும் காய்ந்த பிறகே ஸ்பீக்கர்களைப் பொருத்துங்கள். புளித்த வாடை அடிக்கும் வகை உலோகத்தை அரிக்கும்.

முன்பலகையின் பின்னும் உள்தாங்கியின் முன்னோரத்திலும் பசை தடவி, வெனீர் நசுங்காமல் கம்பளித் துணி வைத்துக் கிளாம்ப் போடுங்கள். நிழல் கோட்டில் வழியும் பசையை உடனே ஈரத் துணியால் எடுத்துவிட வேண்டும். காய்ந்தால் அந்தக் கோடு அழுக்காகிவிடும்.

பொருத்திக் கேட்டல்

வூஃபரின் முனைகளில் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூட்டல் முனை சரியாக இருந்தால் கூம்பு வெளியே வரும். ட்வீட்டரில் இதைச் செய்யாதீர்கள். நுரைப்பட்டை வைத்து, சிறிய முன்துளை போட்டு, திருகுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். பின்பு வூஃபரின் கூம்பை இரு விரல்களால் சமமாக மெல்ல அழுத்தி விடுங்கள். சற்றே தயங்கித் திரும்பினால் பெட்டி காற்றுப் புகாமல் இருக்கிறது. சட்டெனத் துள்ளினால் எங்கோ கசிவு உண்டு, பெரும்பாலும் முனைய இணைப்பியின் ஓரத்தில்.

குறைந்த ஒலியில் தொடங்கி, உங்களுக்கு நன்கு தெரிந்த ஒரு மனிதக் குரலைக் கேளுங்கள். பெட்டிக்குள்ளிருந்து பேசுவதுபோல் தோன்றினால் பஞ்சைக் கூட்டுங்கள். மூக்கடைத்ததுபோல் இருந்தால் ட்வீட்டரின் முனைகளை மாற்றிப் பார்த்து, குரல் நிறைந்து கேட்கும் பக்கம் விட்டுவிடுங்கள். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் உப்பினால் பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுங்கள், மெலிந்தால் பின்னால் தள்ளுங்கள். ட்வீட்டர்கள் இரண்டும் உட்பக்கமாக இருக்கும்படி ஒருமுறையும் வெளிப்பக்கமாக ஒருமுறையும் இடம் மாற்றிக் கேட்டு, பாடகர் நடுவில் உறுதியாக நிற்கும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். நேர் வெயில் படும் சன்னலோரம் வேண்டாம், இந்தப் பசை சூட்டில் இளகக்கூடியது. ஒரு மாதம் கழித்து எல்லாத் திருகுகளையும் மறுபடியும் ஒரு சுற்று இறுக்குங்கள். நுரைப்பட்டை அமுங்கியிருக்கும்.